காய்ப்புழுவும் பூமாலை உட்கார்ந்த நாற்காலியும்

பூமாலையின் தலையில் ஆறு வருஷத்து ஆராய்ச்சி கொட்டியது ஒரு செவ்வாய்க்கிழமை, பதினோரு மணி டீக்குக் கொஞ்சம் முன்னால்.

அவன் பெரம்பலூருக்கு வடக்கே ஒரு பருத்தி ஆராய்ச்சிப் பண்ணையில் ஊழியன். குடுவை கழுவுவது, கோப்பு சுமப்பது, பெரிய அதிகாரி வந்தால் போண்டாவுக்கு ஓடுவது என்று பதினாலு வருஷம் எந்த வம்புக்கும் போகாமல் காலம் தள்ளியவன். அன்றைக்கு மேல்தட்டிலிருந்து ஒரு பெரிய குடுவையை இறக்கச் சொன்னார்கள். இறக்கினான். மூடியைச் சரியாகத் திருகாமல் விட்டது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. கஞ்சித்தண்ணி போல வெள்ளையாக ஏதோ ஒன்று உச்சந்தலையில் விழுந்து, காதோரம் வழிந்து, தீபாவளிக்கு எடுத்த சட்டையைத் தொப்பலாக நனைத்தது.

டாக்டர் ஜமீலா பானு ஓடி வந்தார். பண்ணையின் பூச்சியியல் விஞ்ஞானி. பூமாலையைவிட நாலு வயது இளையவர். கோபம் வந்தால் குரலை இன்னும் தாழ்த்திப் பேசுவார் என்பதால் பண்ணையில் எல்லாருக்கும் அவரிடம் கொஞ்சம் பயம்.

"கண்ணுல பட்டுச்சா பூமாலை?"

"இல்லீங்க மேடம். வாயில கொஞ்சம் போயிடுச்சு. புளிப்பா இருக்கு."

"புளிக்கத்தான் செய்யும். தயிர் மாதிரி சமாச்சாரம்தான் அது."

அவர் அப்படியே ஒரு முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். குடுவையில் ஒரு சொட்டு மிச்சமில்லை. அழுவதா சிரிப்பதா என்று தெரியாத முகத்தோடு, கொட்டியது என்ன என்று அவனுக்கே விளக்க ஆரம்பித்தார். வேறு யாரிடம் சொல்வது?

"காய்ப்புழு தெரியும்ல?"

தெரியாமல் என்ன. அந்தச் சீமையில் அந்தப் பேரைக் கேட்காத பருத்திக்காரன் கிடையாது. பருத்திக்காய் வெளியே பச்சைப்பசேல் என்று திமிறிக்கொண்டு நிற்கும். பிளந்தால் உள்ளே ரோஸ் நிறத்தில் ஒரு புழு சம்மணம் போடாத குறையாக உட்கார்ந்திருக்கும், பஞ்சு கருத்திருக்கும். புழுவுக்கு ஆகாத விதை என்று வந்த விதைக்கும் புழு பழகிவிட்டது. காய்க்குள் இருக்கிறவனை மருந்தடித்துக் கொல்லவும் முடியாது. அடிக்கிறவனைத்தான் அது கொன்றது.

"அந்தப் புழுதான் வளர்ந்து அந்துப்பூச்சியாகுது. பெண் பூச்சி ஒரு வாசனை விடும். எங்கேயோ கிடக்கிற ஆண் பூச்சி அதை மோந்துக்கிட்டுத் தேடி வரும். அந்த வாசனையைச் செஞ்சு பொறியில வெச்சா ஒரு மாசத்துல காத்தோட போயிடுது. அதனால நான் ஒரு நுண்ணுயிரைப் பழக்கினேன். தயிர்ல இருக்குமே அந்த மாதிரி. அது உயிரோட இருக்கிற வரைக்கும் அதே வாசனையை விட்டுக்கிட்டே இருக்கும். ஆண் பூச்சியெல்லாம் அங்க வந்து மாட்டிக்கிட்டா, பெண்ணுக்கு ஜோடி ஏது? முட்டை ஏது? ஆனா பருத்தி இலையில அது வளரவே மாட்டேங்குது. ஒட்ட இடம் தேடிக்கிட்டிருந்தேன்."

"இப்ப என் மேல ஒட்டிக்கிச்சாங்க மேடம்?"

"போய்க் குளிங்க. நல்லாத் தேய்ச்சு."

பதினோரு வாளித் தண்ணீர் ஊற்றிக் குளித்துவிட்டு, நனைந்த சட்டையைப் பையில் சுருட்டிக்கொண்டு, பண்ணையின் காவலாளி கொடுத்த காக்கிச் சட்டையில் பாறைக்குடிகாட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தான். அவன் மனைவி வள்ளிக்கண்ணு பருத்திக்காட்டு வேலையிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தாள். மேலும் கீழும் பார்த்தாள். "போலீஸ்ல சேர்ந்துட்டீங்களா?" என்றாள். அன்றைக்கு வேறொன்றும் நடக்கவில்லை.

நாலாம் நாள் பொழுது சாய்கிற நேரத்தில் பூச்சி வந்தது.

முதலில் ஒன்று. அப்புறம் பத்து. சோற்றுத் தட்டை எடுத்து வைத்து இரண்டு கவளம் முடிப்பதற்குள் வாசல், கூரை, குண்டு பல்பு, எதிர்வீட்டுச் சுவர் எல்லாம் சாம்பல் நிறத்தில் படபடத்தது. அரிசி நீளப் பூச்சிகள், ஆயிரக்கணக்கில். எதிர்வீட்டுக்காரர் கதவைச் சாத்திக்கொண்டார். பூமாலை போர்வைக்குள் புகுந்துகொண்டான். வள்ளிக்கண்ணு மட்டும் நிதானமாக ஓர் அகலப் பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி, சோப்புத்தூளைக் கலக்கி, விளக்குக்குக் கீழே வைத்தாள். விழுந்த பூச்சி எழுந்திருக்கவில்லை. காலையில் முறத்தால் அள்ளிக் கோழிக்குப் போட்டாள். ஒரு வாரத்தில் கோழிகள் நடக்கமாட்டாமல் உட்கார்ந்த இடத்திலிருந்தே கூவின.

ஜமீலா செய்தி கேட்டு ஓடி வந்தார். பூமாலையைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். ஒரு மாசம் பொறுத்து, ஊரைச் சுற்றியிருந்த பருத்திக்காடுகளில் நூறு காய் பறித்துப் பிளந்தார். போன வருஷம் இதே மாசத்தில் அறுபதில் புழு இருந்தது. இப்போது நாலு.

"பூமாலை," என்றார் மிகவும் தாழ்ந்த குரலில். "நீங்க இனிமே டீ வாங்கப் போக வேண்டாம்."

அதற்கப்புறம் பூமாலைக்குக் கால் தரையில் பாவவில்லை.

பக்கத்து ஊர்க்காரர்கள் வெற்றிலை பாக்கோடு வந்தார்கள். அதற்கடுத்த ஊர்க்காரர்கள் மேளத்தோடு வந்தார்கள். பொழுது சாயும்போது ஊர்க் காட்டின் நடுவில் ஒரு நீலப் பிளாஸ்டிக் நாற்காலி போடுவார்கள். பூமாலை அதில் உட்காருவான். சுற்றிலும் தொட்டிகளில் சோப்புத்தண்ணீர். பக்கத்தில் தரையில் வள்ளிக்கண்ணு, பனையோலை விசிறியோடு. அந்தி மங்கி அரை மணி நேரத்தில் நாலு திக்கிலிருந்தும் பூச்சி வந்து குமியும். ஏழெட்டு நாள் இப்படி உட்கார்ந்தால் அந்தக் காட்டில் ஆண் பூச்சி என்று பேருக்குக்கூட இருக்காது. பிறகு சாமான்களைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு அடுத்த ஊர்.

"பொம்பளை எதுக்கு ஊர் ஊரா? பூமாலை மட்டும் போனாப் போதாதா?" என்று அவன் அப்பா கேட்டார்.

"வெளிச்சோறு அவருக்கு ஒத்துக்காது மாமா," என்றாள் வள்ளிக்கண்ணு.

ஆட்சியர் அலுவலகத்திலிருந்து எந்த ஊருக்கு எந்த வாரம் என்று பட்டியல் போட்டுக் கொடுத்தார்கள். பட்டியலை யார் மதித்தார்கள்? ஆலத்திக்காட்டுக்காரர்கள் எட்டு நாள் முடிந்தும் வண்டிச் சாவியை ஒளித்துவைத்துக்கொண்டு, "இன்னும் நாலு பூச்சி இருக்குங்க, இருந்துட்டுப் போங்க," என்று பாயசம் காய்ச்சினார்கள். ஒன்பதாம் நாள் நெடுங்காட்டுக்காரர்கள் மூன்று டிராக்டரில் வந்து, நாற்காலியோடு பூமாலையைத் தூக்கி டிரெய்லரில் வைத்துக்கொண்டு போனார்கள். இரண்டு ஊருக்கும் ரோட்டில் வாய்ச்சண்டை நடந்துகொண்டிருந்தபோது அவன் டிரெய்லரில் உட்கார்ந்தபடி இரு தரப்புக்கும் பொதுவாகக் கும்பிட்டான். வள்ளிக்கண்ணு பின்னாலேயே குட்டியானையில் தொட்டிகளோடு வந்து சேர்ந்தாள்.

பூச்சிமருந்துக் கடை வைத்திருந்த சோலைமுத்து மட்டும் கொஞ்ச நாள் கறுவிக்கொண்டு திரிந்தார். அப்புறம் அவரே கடையை மாற்றி, நீலத் தொட்டியும் மூட்டை மூட்டையாகச் சோப்புத்தூளும் விற்க ஆரம்பித்தார். முன்னைவிட வியாபாரம் நன்றாகப் போகிறது என்று பூமாலைக்கு ஒரு சால்வை போட்டார்.

சால்வைகளே இரண்டு டிரங்குப் பெட்டி ஆகிவிட்டன. பூமாலை மீசை வளர்த்தான். மேடையில் பேசக் கற்றுக்கொண்டான். "என் உடம்பு என்னோடது இல்லை, பருத்திக்காரங்களோடது," என்று அவன் சொல்லும்போது கூட்டம் கை தட்டும். இந்தப் பெருமை சும்மா வராது, தன்னிடம் ஏதோ ஒரு சுத்தம் இருந்திருக்க வேண்டும் என்று அவனுக்கே தோன்றியது. அதைக் காப்பாற்ற வேண்டுமே என்று கறி, மீனை விட்டான். வள்ளிக்கண்ணு ஒன்றும் சொல்லாமல் தனக்கு மட்டும் கருவாடு வறுத்துக்கொண்டாள். ஊர் ஊராக அவன் ஆம்பளைகளோடு மேடையில் இருக்கும்போது, அவளைச் சுற்றிப் பருத்தி எடுக்கிற பெண்கள் உட்கார்ந்து ஏதாவது பேசிக்கொண்டிருப்பார்கள். என்ன பேசினார்கள் என்று அவன் கேட்டதில்லை.

நாலு வருஷம். நூற்று அறுபத்திரண்டு ஊர். மாவட்டத்தில் எங்கே காயைப் பிளந்தாலும் பஞ்சு பாலாக இருந்தது. மருந்துத் தெளிப்பான்களைத் தோளில் மாட்டிக்கொண்டு போகிற ஆட்களை ரோட்டில் பார்க்க முடியவில்லை.

அப்போதுதான் விதர்பாவிலிருந்து கடிதம் வந்தது. மராட்டியத்தில் யவத்மால் பக்கம். கண்ணுக்கு எட்டிய வரை பருத்தி, பருத்திக்குள் எட்டிய வரை புழு. "திரு. பூமாலை அவர்கள் பத்து நாள் வந்து உதவ வேண்டும்."

விமானத்தில் என்று எழுதியிருந்தார்கள். பூமாலை கடிதத்தை நாலு தடவை படித்தான்.

"நான் வரலைங்க," என்றாள் வள்ளிக்கண்ணு. "அண்ணன் மகளுக்கு அந்த வாரம் வளைகாப்பு. ஆத்தூர் போகணும். நீங்களும் இருந்துட்டு அடுத்த வாரம் போலாம்ல? ரெண்டு பேருமாப் போவோம்."

"விமானம் நமக்காக நிக்குமா? நீ வளைகாப்பைப் பாரு. நான் பாத்துக்கறேன்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு, "ஊறுகாய் கட்டித் தரேன்," என்று உள்ளே போனாள்.

ஜமீலாவும் அவனும் போனார்கள். அங்கே நாற்காலி பிளாஸ்டிக் இல்லை; கோயில் பல்லக்கு மாதிரி செதுக்கின மரம். பட்டுத் தலைப்பாகை கட்டினார்கள். நாலாயிரம் பேர் பருத்திக்காட்டுக் கரை நெடுக உட்கார்ந்திருந்தார்கள். தொலைக்காட்சிக் கேமராக்கள் ஏழு. பொழுது சாய்ந்தது. பூமாலை நெஞ்சை நிமிர்த்திக் கண்ணை மூடிக்கொண்டான்.

அரை மணி ஆயிற்று. முக்கால் மணி ஆயிற்று. கூட்டத்தில் ஒரு குழந்தை அழுதது. கண்ணைத் திறந்து பார்த்தான். தொட்டித் தண்ணீரில் நட்சத்திரம் மட்டும் தெரிந்தது. கடைசியில் ஒரே ஒரு பூச்சி வந்தது. தலைப்பாகையில் உட்கார்ந்தது. இரண்டடி நடந்து பார்த்தது. தவறான வீட்டுக்கு வந்துவிட்ட விருந்தாளியைப் போல எழுந்து போய்விட்டது.

மூன்று நாள் உட்கார்ந்தான். மூன்றாம் நாள் கரையில் இருபது பேர்கூட இல்லை. அவர்களும் பாவப்பட்டு வந்தவர்கள். யாரும் ஏசவில்லை. ஒரு கிழவர் வந்து தோளைத் தட்டி அவர்கள் பாஷையில் ஏதோ ஆறுதல் சொன்னார். அதுதான் பூமாலைக்குத் தாங்கவில்லை.

"மேடம், என்கிட்ட இருந்தது போயிடுச்சா? நான் வேற எதுவும் தப்பாத் தின்னலைங்க."

 ஜமீலா அவனுடைய போனைக் கையில் வைத்திருந்தார். மைத்துனர் வீட்டிலிருந்து வளைகாப்பு வீடியோ வந்திருந்தது. ஆத்தூர்ப் பக்கம் இன்னும் பூமாலை போகாத சீமை. அங்கே புழு இருந்தது. வீடியோவில் பந்தல் தெரிந்தது, வயிற்றுப்பிள்ளைக்காரி தெரிந்தாள், அவள் கையில் வளையல் அடுக்கும் வள்ளிக்கண்ணு தெரிந்தாள். வள்ளிக்கண்ணுவைச் சுற்றி அடைமழை போலப் பூச்சி. பந்தலில் பெண்கள் சிரித்துக்கொண்டே முறத்தால் விசிறினார்கள். யாரோ தொட்டி கொண்டு வந்தார்கள்.

"அன்னைக்கு அந்தச் சட்டையை என்ன பண்ணினீங்க பூமாலை?"

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன் மேடம். தீபாவளிச் சட்டை."

"துவைச்சது?"

"அவதான். கறை போகலைன்னு மூணு நாள் கையால கசக்கினா."

"உங்க கையைக் காட்டுங்க." அவன் காட்டினான். பதினாலு வருஷம் கோப்பு தூக்கின, பூப்போன்ற கை. "பருத்தி எடுக்கிறவங்க கை எப்படி இருக்கும்?"

பூமாலைக்குத் தெரியும். காய்ந்த பருத்திக்காயின் முனை ஊசியாகக் குத்தும். ஒரு பருவம் பருத்தி எடுத்தால் விரலெல்லாம் கீறலும் வெடிப்பும்தான்.

"இலையில ஒட்டாத உயிர் அந்த வெடிப்புல ஒட்டியிருக்கு. அங்கேயே குடித்தனம் பண்ணுது," என்றார் ஜமீலா. "நாலு வருஷமா பூச்சி நாற்காலிக்கு வரலை பூமாலை. நாற்காலிக்குப் பக்கத்துல வந்திருக்கு."

திரும்பி வருகிற வழியெல்லாம் அவன் ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து மேகத்தைப் பார்க்காமல் வந்தான். எப்படிச் சொல்வது? சொல்லாமலே இருந்துவிட்டால்? அடுத்த ஊருக்கும் அவளைக் கூட்டிக்கொண்டு போனால் பூச்சி வரும், யாருக்குத் தெரியப்போகிறது? இப்படியும் ஒரு நினைப்பு வந்தது. வந்ததற்காக வெட்கப்பட்டான். மீசையைத் தடவினான், வேறு யாருடையதோ போல இருந்தது.

வீட்டில் வள்ளிக்கண்ணு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவன் பையைக்கூட இறக்காமல் வாசலில் நின்றபடியே சொன்னான்.

"வள்ளி, பூச்சி என்கிட்ட வரலை. உன்கிட்டதான் வருது. ஆரம்பத்துலேர்ந்தே உன்கிட்டதான்."

"தெரியும்," என்றாள் அவள்.

பூமாலை பையை இறக்கினான்.

"எப்பலேர்ந்து?"

"மூணாவது ஊர்லயே. நீங்க முடிவெட்டிக்க டவுனுக்குப் போயிருந்தீங்க. நாற்காலி காலியா இருந்துச்சு. தொட்டி ரொம்பிடுச்சு."

"ஏன் சொல்லலை?"

அவள் வெங்காயத்தைக் கீழே வைத்தாள்.

"சொன்னா, என்னை அந்த நாற்காலியில உட்கார விட்டிருப்பாங்களா? பொழுது சாயற நேரத்துல ஒரு பொம்பளைய ஊர் ஊரா காட்டுக்கு நடுவுல உட்கார வைக்கறேன்னா உங்கப்பா சரின்னிருப்பாரா? நீங்க சரின்னிருப்பீங்களா? உங்களைக் கூப்பிட்டா சோறாக்கிப் போட நானும் வரலாம். அதான்." வெங்காயத் தோலை ஒதுக்கித் தள்ளினாள். "எங்க அண்ணன் மருந்தடிக்கப் போயித்தான கண்ணு போச்சு. மகளுக்கு நான் வளையல் போடறப்ப, எந்தக் கலர்னு என்னைக் கேட்டுக்கிட்டிருந்தாரு. இன்னொருத்தன் அந்த டப்பாவை முதுகுல மாட்டக் கூடாதுன்னு நினைச்சேன். பேரு உங்களுக்குப் போனா என்ன, யாருக்குப் போனா என்ன."

பூமாலை அவள் எதிரில் உட்கார்ந்து, வெங்காயத்தை எடுத்து உரித்தான். கண்ணில் தண்ணீர் வந்தது. நல்லவேளை, கையில் வெங்காயம் இருந்தது.

"அதுவுமில்லாம," என்றாள் வள்ளிக்கண்ணு, "நீங்க மேடையில பேசறதைப் பார்க்க நல்லா இருந்துச்சு."

மறுநாள் ஜமீலா ஒரு களிம்பு டப்பாவோடு வந்தார். முகத்தில் தூக்கமில்லை.

"வள்ளிக்கண்ணு, என்னை மன்னிக்கணும். அனுமதி இல்லாம, உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்காம, என் ஆராய்ச்சி உங்க உடம்புல குடியேறிடுச்சு. ராத்திரி பூரா என் பழைய குறிப்பையெல்லாம் புரட்டிட்டேன், கெடுதல் எதுவும் இல்லை. இந்தக் களிம்பை ஒரு வாரம் தேய்ச்சா அது செத்துப்போகும். நீங்க பழையபடி இருக்கலாம்."

வள்ளிக்கண்ணு டப்பாவை வாங்கி மோந்து பார்த்தாள்.

"டாக்டரம்மா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். நாங்க ஒரு ஊர்ல எட்டு நாள் இருந்துட்டு வந்துடறோம். பக்கத்துச் சீமையிலேர்ந்து புதுப் பூச்சி பறந்து வருமே, அது ஏன் மறுபடி பெருகலை?"

"அதுதான் எனக்கும் புரியலை. என் கணக்குப்படி மறு வருஷமே பாதி திரும்பியிருக்கணும். நூத்தறுபது ஊர்லயும் ஒண்ணுகூட..." ஜமீலா பேச்சை நிறுத்தினார். வள்ளிக்கண்ணுவின் கையைப் பார்த்தார். "யாருக்காவது கொடுத்தீங்களா?"

"தயிர் மாதிரின்னு நீங்கதான சொன்னீங்களாம். இவரு வந்து சொன்னாரு. தயிரை யாராவது பொட்டியில பூட்டி வைப்பாங்களா? உறைக்கு மோர் கேட்டா ஒரு கரண்டி கொடுக்கறதுதான." அவள் தன் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினாள். "ஒவ்வொரு ஊர்லயும் மூணு பேர், நாலு பேர். பருத்தி எடுக்கறவங்க கையைத் தேங்காயெண்ணெய் தொட்டுப் பிடிச்சுத் தேய்ச்சு விடுவேன். அஞ்சு நாள்ல உறைஞ்சிடும்."

ஜமீலா முக்காலி இல்லாததால் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "சொல்லித்தான் செஞ்சீங்களா? அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம எப்படி? ஆயுசுக்கும் பூச்சி மொய்க்கும், வீட்டுக்காரன் திட்டுவான், தினம் ஒரு தொட்டி தண்ணி வைக்கணும், சம்மதமான்னு கேட்டுட்டுத்தான் கையைப் பிடிப்பேன். வேணாம்னு சொன்னவங்களும் உண்டு. அவங்க கையை நான் தொட்டதில்லை." அவள் களிம்பு டப்பாவை மூடினாள். "இது நல்ல சமாச்சாரம். ஒவ்வொரு ஊருக்கும் ஒண்ணு கொடுங்க. வேணாம்னு எப்பத் தோணுதோ அப்பப் போட்டுக்கட்டும். எனக்கு இப்ப வேண்டாம்."

அன்று சாயங்காலம் ஜமீலாவையும் பூமாலையையும் குட்டியானையில் ஏற்றி அவளே கூட்டிக்கொண்டு போனாள். நெடுங்காடு, ஆலத்திக்காடு, அதற்கப்பால் ஏழெட்டு ஊர். ஒவ்வொரு ஊர்க் கோடியிலும், காட்டை ஒட்டின ஏதாவதொரு வீட்டு வாசலில் ஒரு நீலத் தொட்டி இருந்தது. தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டோ, தலை வாரிக்கொண்டோ, போனில் யாரையோ வைதுகொண்டோ இருந்தாள். தொட்டியில் பூச்சி கிடந்தது. நாலு, அல்லது ஐந்து. எல்லை தாண்டி வந்தவை. பூமாலை இந்த வழியில் எத்தனை தடவை போயிருக்கிறான். துணி ஊற வைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்திருந்தான். வண்டியைப் பார்த்ததும் அவர்கள் எழுந்து கையை ஆட்டினார்கள். அவன் பழக்கதோஷத்தில் கும்பிடப் போய், அவர்கள் தன்னைப் பார்க்கவில்லை என்று தெரிந்து, கையை இறக்கிக்கொண்டான். அப்புறம் அவனும் ஆட்டினான்.

ஜமீலா அன்றே மேலிடத்துக்கு நடந்ததை நடந்தபடி எழுதினார். விசாரணை வைத்தார்கள். மூன்று பெரிய விஞ்ஞானிகள் வந்து ஊர் ஊராகப் போய், ஐந்நூறு பெண்களுடைய கையைச் சோதித்தார்கள். களிம்பு வேண்டுமா என்று ஒவ்வொருத்தியிடமும் தனித்தனியாகக் கேட்டார்கள். ஒன்பது பேர் வாங்கிக்கொண்டார்கள். அதில் ஒருத்தி மறு மாசமே வந்து, "வீடு வெறிச்சுன்னு இருக்கு, திரும்பக் கொடு," என்று வள்ளிக்கண்ணுவிடம் கையை நீட்டினாள்.

விசாரணை முடிய எட்டு மாசம் ஆனது. முடிந்த கையோடு, இதை மற்றச் சீமைக்கும் கொண்டுபோக அனுமதியும் வந்தது. விதர்பாவிலிருந்து இரண்டாவது கடிதம் வந்தது. இந்தத் தடவை "திருமதி வள்ளிக்கண்ணு அவர்கள்" என்று. விமானத்தில் ஓர் இருக்கை.

"ஒரு ஆளு போயி அவ்வளவு பெரிய சீமையில என்ன பண்றது?" என்றாள் அவள். "ரயில்ல நாப்பது சீட்டுப் போடச் சொல்லுங்க."

"நாப்பத்தொண்ணு," என்றான் பூமாலை.

பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. அரியலூருக்கு இரண்டு பஸ்ஸில் போய்ச் சேர்ந்தார்கள். நாற்பது பெண்களில் முப்பத்தைந்து பேர் திருச்சிக்கு வடக்கே ரயிலில் போனதே இல்லை. புளிச்சோறு, எள்ளுருண்டை, முறுக்கு, ஆளுக்கொரு நீலத் தொட்டி என்று ஒரு பெட்டி முழுக்க அடைத்துக்கொண்டார்கள். சென்னையில் வண்டி மாறும்போது தொட்டிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிப் பூமாலை தலையில் தூக்கினான். மீசை இல்லாமல் முகம் லேசாக இருந்தது. கருவாட்டுப் பொட்டலத்தை மேல் பர்த்தில் பத்திரப்படுத்தினான். அதில் அவனுக்கும் பங்கு உண்டு.

டிக்கெட் பரிசோதகர் தொட்டிகளைப் பார்த்துவிட்டு எந்தக் கோயிலுக்கு என்று இந்தியில் கேட்டார். பூமாலை தெரிந்த நாலு வார்த்தையில் விளக்கப் பார்த்தான். அவர் தலையாட்டிவிட்டு, ஏதோ நேர்த்திக்கடன் என்று முடிவு கட்டிக்கொண்டு போனார்.

இரவு ஒரு மணி வரை பாட்டு. மறுநாள் பகல் முழுக்க ஆந்திரமும் தெலுங்கானமும் ஜன்னலில் ஓடின. "அங்க பாரு, மிளகா." "அது ஆறுடி, கடல் இல்லை." ஒருத்திக்குத் தலை சுற்றியது, இன்னொருத்தி எலுமிச்சம்பழம் கொடுத்தாள், மூன்றாமவள் அந்தப் பழத்தை யார் காசில் வாங்கினாய் என்று வம்புக்கிழுத்தாள். பெட்டியில் சிரிப்பு ஓயவில்லை. பொழுது சாயும்போது வண்டி மராட்டியத்துக்குள் நுழைந்திருந்தது. இரண்டு பக்கமும் கரிசல். கரிசல் முழுக்கப் பருத்தி. ஏதோ ஒரு சின்ன ஸ்டேஷனுக்கு வெளியே சிக்னலுக்காக வண்டி நின்றது.

பேச்சு ஒவ்வொரு பலகையாக அடங்கியது. ஏன் என்று பூமாலைக்கு உடனே தெரியவில்லை. வள்ளிக்கண்ணு ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டி வைத்திருந்தாள். அவள் சுட்டுவிரல் முனையில், அரிசி அளவில், சாம்பல் நிறத்தில் ஒன்று வந்து உட்கார்ந்து இறக்கையை மடித்தது. எதிர் ஜன்னலில் இன்னொருத்தியின் முழங்கையில் இரண்டு. கதவோரம் நின்றவளின் கொண்டையில் ஒன்று.

"வந்துட்டாங்க," என்றாள் வள்ளிக்கண்ணு.

நாற்பது பெண்களும் எழுந்து எல்லா ஜன்னல் கண்ணாடியையும் மேலே ஏற்றித் திறந்துவிட்டார்கள். பூமாலை கையில் கிடைத்த இரண்டு தொட்டிகளைத் தூக்கிக்கொண்டு, தண்ணீர் வருகிறதா என்று பார்க்கப் பெட்டிக் கோடியிலிருந்த குழாய்க்கு ஓடினான்.